வெம்மையும் தண்மையும் காக்கும் கம்மியர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பரைப் பற்றியும் இளங்கோவடிகளைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் உரையாற்றக் கேட்டு நாமெல்லாம் மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டு எமக்கு அளிக்கப்பட்ட தலைப்போ, வீட்டிற்கு வெம்மையும் தண்மையும் தருகின்ற தொழிலாளிக்கு வேண்டிய பண்புகள் என்பது. தலைப்பைக் கேட்ட நண்பர் சிலர் முறுவலித்தனர். "ஏ.சி. மெக்கானிக்கைப் பற்றி இலக்கிய மேடையில் பேசுவதா?" என்றும் வினவினர். பேசத்தான் வேண்டும் என்பது எம் கருத்து. நம் வீட்டுக் குழந்தை பாதுகாப்பாகக் குளிப்பதும், நோயுற்ற முதியவர் கோடை இரவில் கண்ணயர்வதும் யாருடைய கைத்திறனைச் சார்ந்திருக்கின்றனவோ, அவரைப் பற்றி எண்ணிப் பார்ப்பதற்கு எந்த மேடையும் தகுதியுடைய மேடையே ஆகும்.

மேலும், இது தமிழர்க்குப் புதிய பொருளன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை நக்கீரர் பாடினார். வாடைக்காற்று வீசும் கூதிர்காலத்தில் மூதூர் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அந்நூல் ஓவியமாகத் தீட்டிக் காட்டுகிறது. கோடையில் பயன்பட்ட விசிறிகள் மடக்கித் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. அவற்றின்மேல் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. மாடத்துச் சாளரங்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன. மக்கள் குளிர்ந்த நீரைப் பருகாது, அகன்ற வாயையுடைய நெருப்புச் சட்டிகளின் அருகே அமர்ந்து வெம்மை பெறுகின்றனர். அவ்விசிறியைச் செய்தவனைப் புலவர் மறந்துவிடவில்லை. கைத்தொழில் வல்ல கம்மியன் ஒருவன் அதனை அழகுறச் செய்தான் என்று குறிப்பிடுகிறார். வீட்டின் வெம்மையையும் தண்மையையும் காப்பவனுக்குச் சங்கப் புலவர் தந்த பெயர் கம்மியன் என்பது. இன்று நாம் மெக்கானிக் என்றும் டெக்னீஷியன் என்றும் அழைப்பவர் அந்தக் கம்மியனின் வழித்தோன்றலே ஆவார்.

இனி, நாம் வந்து குடியேறிய இப் பெங்களூர் மாநகரை நோக்குவோம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பது இந்நகர். சென்னையின் வியர்வையும் வேலூரின் வெயிலும் பழகிய நம் முன்னோர்க்கு இவ்வூரின் காற்றே ஒரு வரமாகத் தோன்றியது. பசவனகுடியிலும் மல்லேசுவரத்திலும் அலசூரிலும் இருந்த பழைய வீடுகளுள் மின்விசிறி இல்லாதன பல. உயர்ந்த கூரை, ஓடு வேய்ந்த தாழ்வாரம், சுவரின் உச்சியில் காற்று வழி, முற்றத்தில் ஒரு மரம், இவையே அன்றைய குளிர்கருவிகள். குளிருக்கோ, குளியலறை மூலையில் செம்பு அண்டா ஒன்று அடுப்பின்மேல் அமர்ந்திருக்கும். கன்னட மக்கள் அதனை ஹண்டே என்பர். விடியலில் தேங்காய் மட்டையும் விறகும் எரிய, வீடு முழுவதும் அதில் வெந்நீர் மொண்டு குளிக்கும்.

அந்தக் காலம் மாறிவிட்டது. 1884ஆம் ஆண்டு சனவரியில் 7.8 பாகை வரை குளிர்ந்த இதே நகரம், 2016ஆம் ஆண்டு ஏப்பிரலில் 39.2 பாகை வரை கொதித்தது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஒருபுறம் வெப்பமும் மறுபுறம் தண்ணீர்ப் பஞ்சமும் நம்மை வாட்டியதை நாம் மறக்கவில்லை. ஏரிகள் தூர்ந்தன, மரங்கள் சாய்ந்தன, ஓட்டுக் கூரை இருந்த இடத்தில் கான்கிரீட்டுத் தளம் வந்தது, தாழ்வாரம் இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் நின்றது. விசிறியும் வேண்டாதிருந்த ஊரில் ஏ.சி. எண்ணிக்கை பெருகுகிறது. அண்டா இருந்த மூலையில் கீசர் தொங்குகிறது. மாடியில் கதிரவன் ஒளியால் நீரைச் சூடாக்கும் சோலார் கருவி நிற்கிறது. கருவி பெருகினால் கருவி அறிந்தவரும் பெருக வேண்டும். பெருகினால் மட்டும் போதாது. அவர் நல்லவராகவும் வல்லவராகவும் இருத்தல் வேண்டும்.

"குளிர்ச்சி என்பது செல்வரின் ஆடம்பரம்தானே?" என்று சிலர் எண்ணலாம். அவர்கள் இங்கிருந்து கிழக்கே சென்று கோலார்த் தங்கவயலை நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்துக் காவிரி நீரிலிருந்து பிறந்த மின்சாரம் முதன்முதலில் சென்றது அந்தத் தங்கவயலுக்கே. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905ஆம் ஆண்டில்தான். வடாற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர் ஆயிரக்கணக்கில் அச்சுரங்கங்களில் இறங்கி உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். மேலிருந்து குளிர்ந்த காற்று இறங்காவிடில் கீழே மனிதன் உயிர் தரிக்க இயலாது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் அவை நமக்குக் கற்பித்த பாடம் மூடப்படவில்லை. காற்றையும் வெப்பத்தையும் ஆள்பவன் உயிரைக் காப்பவன் என்பதே அப்பாடம்.

இத்தகைய கம்மியர்க்கு வேண்டிய பண்புகள் யாவை? எம் சிற்றறிவிற்கு எட்டியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றோம்.

முதலாவது, பொருளின் இயல்பை அறியும் அறிவு.

ஏ.சி. குளிரை உண்டாக்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. கூலியாள் ஒருவன் வீட்டுக் குப்பையை வாரி வெளியே கொட்டுவது போன்றதே அச்செயல். இதனை உணர்ந்தவன் வெளிப்பெட்டியைக் காற்றுப் புகாத சந்தில் வைக்க மாட்டான். கொட்டிய குப்பை மீண்டும் வீட்டிற்குள்ளேயே வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஒரு டன் ஏ.சி., ஒன்றரை டன் ஏ.சி. என்று கடையில் கேட்டு வாங்குகின்றோம். அந்த டன் என்பது கருவியின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உள்வாங்குமோ அந்த அளவே ஒரு டன். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 3.5 கிலோவாட். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம் முன்னாளில் ஐஸ் ஹவுஸ் என்று வழங்கியதை நீங்கள் அறிவீர்கள். ஃபிரடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர், தம் நாட்டு ஏரிகளில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி 1833ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்கு அனுப்பினார். பின்னர்ச் சென்னைக்கு வந்த பனிக்கட்டியைக் காக்க எழுந்ததே அக்கட்டடம். குளிர்ச்சியை எடை போட்டு விற்ற அந்தக் காலத்தின் சுவடு இன்றும் நம் ஏ.சி.யின் அளவில் வாழ்கின்றது.

1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் முதல் காற்றுப் பதனக் கருவியை வகுத்தது மனிதர்க்காக அன்று. புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துத் தாளுக்காக. காற்றின் ஈரத்தால் தாள் விரிந்தும் சுருங்கியும் வண்ண அச்சு பிசகியது. ஈரத்தை அடக்கவே அவர் காற்றைக் குளிர்வித்தார். காற்றின் ஈரமும் வெப்பமும் இரட்டைப் பிள்ளைகள் என்பதை நல்ல கம்மியர் மறவார். அறைக்கு வேண்டியதினும் பெரிய ஏ.சி.யை மாட்டினால் அது விரைவில் குளிர்ந்து விரைவில் நின்றுவிடும், ஈரம் போகாது, உடல் பிசுபிசுக்கும். ஆகவே அறையின் நீள அகலத்தை மட்டுமின்றி, மேற்கு வெயில் படும் சுவரையும், மேலே மொட்டைமாடி உண்டா என்பதையும், உள்ளே வாழ்வோர் எத்தனை பேர் என்பதையும் கேட்டறிந்தே அவர் அளவு சொல்வார்.

தாம் வாழும் ஊரின் இயல்பையும் அவர் அறிவார். புத்தகத்தில் முழு வெற்றிடம் என்றால் கேஜ் முள் 30 அங்குலம் காட்டும் என்று எழுதியிருக்கும். அது கடற்கரைக் கணக்கு. பெங்களூர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவாதலின், எத்துணை நல்ல வாக்யூம் பம்பை ஓட்டினாலும் அந்த முள் ஏறத்தாழ 27 அங்குலத்தோடு நின்றுவிடும். இதனை அறியாதவர் பம்பைப் பழிப்பார். அறிந்தவர் முள்ளைக் கண்டு அமைதி கொள்வார். சோறு வேகும் கொதிநீரும் இங்கே 100 பாகைக்கு முன்னரே, ஏறத்தாழ 97 பாகையில் கொதித்துவிடுகிறது அன்றோ? ஊரறிந்து தொழில் செய்வதே தொழிலறிவு.

இரண்டாவது, நோயின் வேரைத் தேடும் பொறுமை.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், வெளியே தெரியும் துன்பத்தோடு நின்றுவிடாமல் அதன் காரணத்தைத் தேடி, அதற்கேற்ற வழியைத் தேர்ந்து செய்க என்று மருத்துவனுக்கு அறிவுறுத்துகின்றார். அது கம்மியர்க்கும் பொருந்தும். ஏ.சி. குளிரவில்லை என்பது நோயன்று, நோயின் அறிகுறி. வடிகட்டியில் தூசி அடைத்திருக்கலாம்; வெளிக் காயிலில் புறா கூடு கட்டியிருக்கலாம்; கெபாசிட்டர் வலுவிழந்திருக்கலாம்; மின்னழுத்தம் தாழ்ந்திருக்கலாம்; கேஸ் கசிந்திருக்கலாம். காரணம் ஐந்து, கண்ணுக்குத் தெரியும் குறி ஒன்றே.

எம் அண்டை வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். ஓராண்டிற்குள் மூவர் வந்து மும்முறை கேஸ் நிரப்பிச் சென்றனர். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் குளிரும். பிறகு பழைய கதைதான். நான்காவதாக வந்த முதியவர் கேஸ் சிலிண்டரைத் தொடவேயில்லை. ஒரு கிண்ணத்தில் சோப்பு நீரைக் குழைத்தார். ஒவ்வோர் இணைப்பிலும் அதனைத் தடவி, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் சென்றபின் ஓர் இணைப்பில் கடுகளவு குமிழி ஒன்று மெல்ல எழுந்தது. காப்பர் பைப்பின் விரிந்த வாயில் மயிரிழை போன்றதொரு வெடிப்பு! அதனை வெட்டி நீக்கிப் புதிதாக வாய் விரித்து இணைத்தார். அதன்பின் அந்தக் கருவிக்கு யாரும் கேஸ் நிரப்பவில்லை. மூவரின் விரைவைவிட ஒருவரின் பொறுமை மலிவாக முடிந்தது.

மூன்றாவது, யாரும் காணாத இடத்திலும் தூய்மையாகச் செய்யும் கை.

ஏ.சி. மாட்டும் வேலையில் வீட்டுக்காரர் காண்பது சுவரில் பெட்டி நேராக இருக்கின்றதா என்பதை மட்டுமே. குழாயின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர் காண முடியாது. குழாயுள் காற்றும் ஈரமும் தங்கினால், ஈரம் குறுகிய துளையில் பனியாக உறையும். எண்ணெயோடு கலந்து அமிலமாகிக் கம்ப்ரஸரை உள்ளிருந்தே அரிக்கும். அதனால்தான் முதலில் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தோடு செலுத்திக் கசிவைச் சோதித்து, பின்னர் வாக்யூம் பம்பை வேண்டிய நேரம் ஓட்டி, அதன்பின் கேஸைத் தராசில் நிறுத்து நிரப்புதல் வேண்டும். பம்பைக் கொண்டுவராமல், கேஸைச் சிறிது திறந்துவிட்டுக் குழாயில் இருந்த காற்றைத் துரத்திவிட்டேன் என்பவரும் உளர். அன்று அந்த ஏ.சி. குளிரத்தான் செய்யும். ஆண்டுகள் சில சென்றபின் கம்ப்ரஸர் மாளும். அன்று மாட்டியவரை யார் நினைவு கூர்வர்? கண்காணிப்பவர் இல்லாத அந்த அரை மணி நேரத்தில்தான் கம்மியரின் தரம் விளங்குகிறது.

கீசர் வேலையும் அத்தகையதே. காவிரி நீர் வரும் வீட்டிற்கும், ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீட்டிற்கும் வேறுபாடு உண்டு. கிணற்று நீரின் உப்பு எலிமென்ட்டின்மேல் சுண்ணாம்பாகப் படியும். தொட்டியின் இரும்பு அரிக்காதபடி தன்னையே கரைத்துக்கொள்ளும் மெக்னீசியக் கம்பி ஒன்று உள்ளே இருக்கின்றது. அது தீர்ந்துவிட்டதா என்று திறந்து பார்க்கும் கம்மியர் எத்தனை பேர்? தன்னை அழித்துத் தொட்டியைக் காக்கும் அக்கம்பியை மாற்ற ஆகும் செலவு சிறிது. தொட்டியை மாற்ற ஆகும் செலவு பெரிது.

நான்காவது, வாய்மை.

ஆண்டுக்கொருமுறை கேஸ் நிரப்ப வேண்டும் என்று கூறுவோர் உளர். அதனை நம்புவோரும் உளர். அன்பர்களே, இதனை மட்டுமேனும் இன்று நினைவில் கொண்டு செல்லுங்கள். ஏ.சி.யில் உள்ள கேஸ் விளக்கில் எரியும் எண்ணெய் போலச் செலவாகும் பொருளன்று. மூடிய குழாயில் அது நம் உடற்குருதி போலச் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கின்றது. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதே.

வாய்மையுடைய கம்மியர் "இது வேண்டாம்" என்று சொல்லும் துணிவும் உடையவர். மொட்டைமாடிக்கு வெண்ணிறப் பூச்சும், மேற்குச் சாளரத்திற்கு ஒரு நிழலும், மாலையில் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்துவைக்கும் பழக்கமும் இருந்தால் இவ்வூரில் பல வீடுகளுக்கு ஆண்டில் பத்துத் திங்கள் ஏ.சி. வேண்டியதில்லை. நல்ல வெயில் படும் மாடி இருப்பின் சோலார் கருவியைத் தெற்கு நோக்கி அமைத்து, மின்சாரக் கீசரை மழை நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். 2020ஆம் ஆண்டு முதல் நட்சத்திரக் குறியுள்ள அறை ஏ.சி.கள் 24 பாகையை இயல்பு நிலையாகக் கொண்டு வருகின்றன; அதனை 18க்குத் தாழ்த்துவதால் அறை விரைந்து குளிர்வதில்லை, மின்கட்டணம்தான் விரைந்து ஏறுகிறது. இவற்றை எடுத்துரைப்பவர் அன்றைய வருவாயைச் சிறிது இழக்கலாம். ஆனால் அந்தத் தெருவின் நம்பிக்கையைப் பெறுகின்றார். அதனினும் பெரிய மூலதனம் தொழிலாளிக்கு வேறில்லை.

ஐந்தாவது, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சும் அறிவு. இதுவே தலையாயது, இங்குதான் உயிர் இருக்கிறது.

கேஸ் கீசர் என்னும் கருவியைப் பாருங்கள். சிறு குளியலறை; கதவும் சாளரமும் அடைத்தாயிற்று; உள்ளே தீ எரிகிறது. எரியும் தீ அறையின் பிராணவாயுவைத் தின்கிறது. அது குறையக் குறைய, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு பிறக்கிறது. நம் குருதி பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்கிற்கும் மேலான வலிமையோடு அந்நஞ்சைப் பற்றிக்கொள்கிறது. குளிப்பவர்க்கு முதலில் தலைசுற்றும். பிறகு கால் தளரும். உதவிக்கு அழைக்கவும் வலுவிராது. இவ்வாறு இளம் உயிர்கள் மாய்ந்த செய்தியைக் குளிர்காலந்தோறும் படிக்கின்றோம். அத்தகைய கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவருதல் வேண்டும். "இடமில்லை, உள்ளேயே மாட்டிவிடு" என்று வீட்டுக்காரர் வற்புறுத்தினாலும், "கூலி வேண்டாம் ஐயா, இதனை நான் செய்ய மாட்டேன்" என்று கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிச் செல்பவரே சிறந்த கம்மியர். அவர் அன்று இழந்தது ஒரு நாட் கூலி. காத்தது ஒரு குடும்பம்.

மின்சாரமும் அவ்வாறே. 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதனை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டுவது சுவருக்குள் தீயை வளர்ப்பதாகும். எர்த் கம்பி உயிரோடு இருக்கின்றதா என்று சோதிக்காமலும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி உண்டா என்று பாராமலும் கீசரை இயக்கிவிட்டுச் செல்பவர், ஈரக்காலோடு நிற்கும் குழந்தையை எண்ணிப் பாராதவர். தொட்டியின் அழுத்தம் மிகும்போது திறந்துகொள்ளும் சேஃப்டி வால்வை, நீர் சொட்டுகிறதே என்று அடைத்துவிடுபவரும் உளர். அவர் சுவரில் ஒரு வெடிகுண்டைத் தொங்கவிட்டவர் ஆகிறார்.

தம் உயிரையும் கம்மியர் பேண வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்; அதனை இறக்காமல் கைவைத்தல் ஆகாது. நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனைக் குழாயில் அடைத்துச் சோதித்தால், உள்ளிருக்கும் எண்ணெயோடு கலந்து வெடிக்கும். இன்று பரவிவரும் ஆர்-32, ஆர்-290 என்னும் வாயுக்கள் தீப்பற்றக் கூடியவை. பழைய பழக்கத்தில் அவற்றின் அருகே பீடி பற்ற வைத்தலோ, கேஸை வெளியேற்றாத குழாயைச் சூடேற்றுதலோ கூடாது. நான்காம் மாடியின் வெளிச்சுவரில் இடுப்புக் கயிறின்றி ஒற்றைக் காலில் நின்று வேலை செய்வதை வீரம் என்று எண்ணும் இளைஞர்க்குச் சொல்கின்றோம்: தம்பி, உன் ஊரில் உன் தாய் உனக்காகக் காத்திருக்கின்றாள்.

ஆறாவது, உலகின்மேல் வைத்த பற்று.

ஏ.சி.யின் வாயுவைத் திறந்துவிட்டால் அது வானில் கலந்து மறைந்துவிடும் என்று முன்பு எண்ணினர். குளோரின் கலந்த பழைய வாயுக்கள் வானின் உயரத்தில் உள்ள ஓசோன் படலத்தைத் தின்னக் கூடியவை என்று 1974ஆம் ஆண்டில் மோலினா, ரோலண்டு என்னும் அறிஞர்கள் எடுத்துக் காட்டினர். 1987ஆம் ஆண்டில் மான்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. 1992ஆம் ஆண்டில் இந்தியாவும் அதில் சேர்ந்தது. இன்னும் பல வீடுகளில் இருக்கும் ஆர்-22 வாயு ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 1,800 கிலோ கரியமிலவாயு செய்யும் தீங்கைச் செய்கிறது. ஒருவர் வீட்டைக் குளிர்விக்க ஊரையே சூடாக்குவது அறமாகுமா? வாயுவைத் தனிச் சிலிண்டரில் மீட்டெடுத்துச் சேர்ப்பவர், எங்கோ இருக்கும் உழவனின் மழையையும் காக்கின்றார். 2019ஆம் ஆண்டில் இந்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம், இத்தொழிலாளர்க்குப் பயிற்சியும் சான்றும் அளித்தலை ஓர் இன்றியமையாக் கடமையாக வகுத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

ஏழாவது, பிறர் இல்லத்தில் நடந்துகொள்ளும் பண்பு.

கம்மியர் நுழைவது கடைக்குள் அன்று. ஒரு குடும்பத்தின் உள்ளறைக்குள். வாசலில் செருப்பைக் கழற்றுவதும், கட்டிலின்மேல் துணியை விரித்துத் தூசி விழாமல் காப்பதும், துளையிட்ட சுவரின் மண்ணைத் தாமே கூட்டி எடுப்பதும், என்ன பழுது, என்ன செய்தோம், என்ன செலவு என்று வீட்டு அம்மையார்க்குப் புரியும்படி சொல்வதும் தொழிலின் பகுதியே ஆகும். இங்கு மொழியையும் குறிப்பிட வேண்டும். நாம் வாழும் மண் கன்னட மண். இம்மண்ணின் நீரைப் பருகி, இம்மண்ணின் மக்களோடு வாழும் தமிழ்த் தொழிலாளி, கன்னடத்தில் இனிமையாகப் பேசக் கற்றிருத்தல் கடமை, நன்றியுணர்வும் கூட. வீட்டில் தமிழ் வளர்ப்போம். வீதியில் கன்னடத்தை மதிப்போம். இரண்டும் நம்மை உயர்த்தும்.

இதுகாறும் கம்மியர்க்கு வேண்டிய பண்புகளைக் கூறினோம். வீட்டுக்காரராகிய நமக்குக் கடமை இல்லையா? உண்டு. முழுமையாகச் செய்ய மூன்று மணி நேரம் ஆகும் வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொல்லி விரட்டுபவர் யார்? வாக்யூம் பம்பிற்கு ஆகும் கூலியைக் குறைத்துக்கொள் என்று பேரம் பேசுபவர் யார்? இருவருள் மலிவானவரையே அழைப்பவர் யார்? நல்ல வேலைக்கு நல்ல கூலி தராத சமுதாயம், நல்ல வேலைக்காரரைத் தானே அழித்துவிடுகிறது. உச்சி வெயிலில் வெளிப்பெட்டி அருகே நின்று, நமக்குக் குளிர்ச்சி தருவதற்காகத் தாம் வெந்து உழைப்பவர் அவர். ஒரு செம்புத் தண்ணீர், ஐந்து நிமிட நிழல், "வாங்க அண்ணே" என்ற ஒரு சொல், இவற்றிற்கு நமக்குச் செலவொன்றும் இல்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். நம் பிள்ளைகள் அனைவரும் கணிப்பொறி முன் அமர்ந்தால்தான் குடும்பத்திற்கு மதிப்பு என்று எண்ணுகின்றோம். பத்தாம் வகுப்புத் தேறியவர்க்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்ப்பதனம், காற்றுப் பதனம் என்னும் தொழிலுக்கு இரண்டாண்டுப் பயிற்சி உண்டு. பெண்களும் அதில் சேரலாம். கையில் தொழிலும் நெஞ்சில் நேர்மையும் உடைய பிள்ளை எந்த ஊரிலும் பட்டினி கிடக்க மாட்டான். திருமணப் பேச்சில் "பையன் ஏ.சி. மெக்கானிக்" என்று சொல்லும்போது குரல் தாழும் வழக்கம் நம்மை விட்டு நீங்க வேண்டும்.

நம் சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். பிழைப்புத் தேடிப் புதிதாக வந்திறங்கும் இளைஞர் பலர், ஒருவர்பின் ஒருவராக உதவியாளராய்ச் சேர்ந்து, கண்டதைக் கற்று, பிழையையும் சேர்த்துக் கற்றுவிடுகின்றனர். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், சங்க மண்டபத்தின் ஒரு மூலையில், தேர்ந்த முதியவர் ஒருவர் அவர்கட்குச் சொல்லித் தரட்டும். எர்த் சோதிப்பது எப்படி, கசிவு காண்பது எப்படி, கேஸ் கீசரை எங்கே மாட்டக் கூடாது என்பதைக் கன்னடப் பேச்சுப் பயிற்சியோடு சேர்த்துத் தமிழில் கற்பிக்கட்டும். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு பழைய ஏ.சி.யும், ஒரு பழுதான கீசரும், ஒரு கரும்பலகையும் போதும். தமிழை வளர்ப்பது என்பது தமிழனின் தொழிலறிவைத் தமிழில் வளர்ப்பதும் ஆகும். அவ்வகுப்பில் கற்ற இளைஞன் ஒருவன் நாளை ஒரு வீட்டில், "உள்ளே மாட்ட மாட்டேன்" என்று மறுத்து ஓர் உயிரைக் காப்பானாயின், இச்சங்கம் தோன்றிய பயனை எய்தியதாகும்.

அறிவு, பொறுமை, தூய்மை, வாய்மை, அச்சம், உலகப் பற்று, பண்பு ஆகிய இவ்வேழும் ஒருவரிடம் ஒருங்கே அமைதல் அரிது. அமைந்தாரைக் கண்டால் போற்றுவோம். அவர் பெயரை அடுத்த வீட்டார்க்குச் சொல்வோம். நம் பிள்ளைகளை அவரிடம் கற்க அனுப்புவோம்.

 வாழ்க உழைப்பாளர்! வளர்க தமிழ்! வாழ்க நம்மை வாழவைக்கும் கருநாடகம்!